தேனீ வளர்ப்போர் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா?

போன மாசி மாதம் ஒரு காலை, ஆறே கால் மணி இருக்கும். எங்கள் தேனீ வளர்ப்போர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது: "தேனீ எல்லாம் செத்து விழுது. என்ன செய்யணும்?" அவ்வளவுதான். படம் இல்லை, ஊர் இல்லை, எத்தனை பெட்டி என்பதும் இல்லை. பத்து மணிக்குள் பதினான்கு பதில்கள் வந்துவிட்டன. ஒருவர் வைரஸ் என்றார், ஒருவர் எறும்பு என்றார், இன்னொருவர் பெட்டியோடு எரித்துவிடச் சொன்னார். நடுவில் இரண்டு பேர் தங்களுடைய பழைய சண்டையை எடுத்து வைத்துக்கொண்டார்கள். மதியம் பார்த்தால் கேள்வி கேட்டவர் குழுவைவிட்டுப் போயிருந்தார்.

நான் அட்மின்களில் ஒருவன் என்பதால் அவர் எண்ணுக்குக் கூப்பிட்டேன். திற்பரப்புக்காரர். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். பெட்டி வாசலுக்கு முன்னால் இரண்டு கை அள்ளும் அளவுக்குத் தேனீக்கள் நாக்கை நீட்டியபடி செத்துக் கிடந்தன. உள்ளே முட்டையும் புழுவும் நன்றாகவே இருந்தன. இப்படி நாக்கு நீட்டி வாசலில் குவிந்து செத்தால் பெரும்பாலும் பூச்சிமருந்துதான். விசாரித்தோம். முந்தின நாள் பக்கத்து விளையில் (தோட்டத்தில்), பூத்திருந்த பயற்றுக்கு மருந்து அடித்திருக்கிறார்கள். செத்த தேனீயை ஒரே ஒரு படம் எடுத்துப் போட்டிருந்தால் பத்து நிமிடத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள். அவர் கேட்ட விதமும் சரியில்லை, நாங்கள் பதில் சொன்ன விதமும் சரியில்லை. அன்று இரவு எழுதத் தொடங்கியதுதான் இது.

எனக்குக் குமரி மாவட்டத்தில், குலசேகரத்துக்கும் திருவட்டாறுக்கும் இடையில் ரப்பர் மரங்களுக்கு நடுவே முப்பத்தைந்து பெட்டிகள் இருக்கின்றன. 2016 முதல் குழுக்களில் இருக்கிறேன். குழுவால் என்ன பயன் என்று யார் கேட்டாலும் எனக்கு என் அப்பாதான் நினைவுக்கு வருவார். 1991, 92-இல் தாய் சாக்புரூட் (Thai sacbrood) என்கிற வைரஸ் தென்னிந்தியா முழுக்க நம் நாட்டு அடுக்குத் தேனீக்களைக் கொன்றது. அப்பாவிடம் அப்போது பதினெட்டு பெட்டி. நோய் என்று தெரியாமல், மெலிந்த கூட்டத்தைத் தேற்றுவதற்காக அதன் அடையை நல்ல பெட்டிக்கும், நல்ல பெட்டியின் அடையை அதற்குமாக மாற்றி மாற்றி வைத்தார். பதினெட்டுக்கும் அவர் கையாலேயே பரவியது. செய்யாதே என்று சொல்லத் தெரிந்த ஒருவர் இரண்டு ஊர் தள்ளி இருந்திருக்கலாம். அந்த ஆள் யார் என்று அப்பாவுக்குத் தெரிய வழியில்லை.

அந்த ஆளைக் கண்டுபிடிக்கத்தான் குழு. நானூறு பேரிடமும் பதில் வாங்க வேண்டியதில்லை. உங்கள் பெட்டி மாதிரியே பெட்டி வைத்திருக்கிற, உங்களுக்குப் பக்கத்து மழையில் நனைகிற மூன்று நான்கு பேர் கிடைத்தால் போதும். கீழே சொல்லும் எல்லாமே அதற்காகத்தான்.

1. முதலில் போனைச் சரிசெய்யுங்கள்

இதை இரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாம். படங்களும் வீடியோக்களும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். இல்லையென்றால் சீசன் முடிவதற்குள் போன் நிறைந்துவிடும். குழுவை மியூட் செய்யுங்கள். எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று மூன்று வகை உண்டு, எப்போதும் என்பதையே வையுங்கள். உங்களை யார் யார் குழுவில் சேர்க்கலாம் என்பதற்குத் தனியுரிமைப் பகுதியில் ஓர் அமைப்பு இருக்கிறது. அதை "என் தொடர்புகள் மட்டும்" என்று மாற்றினால், முன்பின் தெரியாதவர்கள் உங்களைக் கண்ட குழுக்களிலும் இழுத்துப்போட முடியாது.

சேர்ந்ததும் மூன்று விஷயம் எழுதுங்கள்: பெயர், ஊர், எத்தனை பெட்டி. "இன்னும் பெட்டி வாங்கவில்லை, கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன்" என்று எழுதுவதில் எந்தக் குறைச்சலும் இல்லை. ஊரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

2. இரண்டு வாரம் வாசிக்க மட்டும்

ஊர் ஏன் முக்கியம் என்பது இந்த இரண்டு வாரத்தில் உங்களுக்கே புரியும். நம் மாவட்டத்தில் தேன் என்றால் பெரும்பகுதி ரப்பர்த் தேன். மார்கழி, தை மாதங்களில் ரப்பர் இலை உதிர்த்துத் துளிர்க்கும். அந்த இளம் இலைக்காம்பில் இருக்கும் சுரப்பிகளிலிருந்துதான் தேனீ இனிப்பை எடுக்கிறது, பூவிலிருந்து அல்ல. பங்குனி வரை வரவு இருக்கும். அப்புறம் இடவப்பாதி மழை என்கிற தென்மேற்குப் பருவமழை, அது முடிந்து கொஞ்ச நாளில் ஐப்பசி மழை. இரண்டு மழையும் கிடைக்கும் மாவட்டம் நம்முடையது. தேனீக்கு அது பட்டினிக் காலம்.

சூரியகாந்திக் காட்டுப் பக்கம் பெட்டி வைத்திருக்கும் ஒருவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர் வளர்ப்பதும் பெரும்பாலும் இத்தாலியத் தேனீயாக இருக்கும். பெட்டி பெரியது, கூட்டமும் பெரியது, அவ்வளவு சுலபத்தில் பெட்டியைவிட்டு ஓடாது. நம் அடுக்குத் தேனீ அப்படியில்லை. பசித்தாலோ, அடிக்கடி திறந்து தொந்தரவு செய்தாலோ ஒரே நாளில் பெட்டியைக் காலிசெய்துவிட்டுப் போய்விடும். அவர் "வாரம் ஒருமுறை சர்க்கரைப்பாகு கொடுங்கள்" என்று சொன்னால் அது அவருக்குச் சரி. அதை நீங்கள் மாசி மாதம், மேலறையில் (தேன் சேர்வதற்காகப் பெட்டியின்மேல் வைக்கும் அறையில்) ரப்பர்த் தேன் இறங்கிக்கொண்டிருக்கும்போது செய்தால் சர்க்கரையும் தேனோடு போய்ச் சேரும். அவரும் பொய் சொல்லவில்லை, நீங்களும் ஏமாறவில்லை. ஆனாலும் அந்த வருடத் தேன் கெட்டுப்போகும்.

ஆகவே இந்த இரண்டு வாரமும் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள்: யார் எந்த ஊர், எந்தத் தேனீ, எத்தனை வருடம் என்று கவனியுங்கள். எங்கள் குழுவில் அதிகம் பேசுபவர்களும் அதிகம் தெரிந்தவர்களும் ஒரே ஆட்கள் இல்லை. அதிகாலை ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் வழியில் ஒரே வரியில் பதில் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு வரியில் சரக்கு இருக்கும். அப்படிப்பட்ட செய்திகளை நட்சத்திரம் போட்டு வையுங்கள். விளவங்கோட்டுப் பக்கத்து அண்ணன்மார்களின் குரல் செய்தி பாதி மலையாளமாக இருக்கும், முதலில் புரியாது. இரண்டாம் முறை கேளுங்கள், பலன் உண்டு.

உங்கள் கேள்வி ஏற்கெனவே கேட்கப்பட்டதா என்று குழுவுக்குள் தேடிப் பார்ப்பதும் இந்த வாரங்களில் பழகவேண்டியதே. "எறும்பு" என்று தட்டிப் பாருங்கள். பெட்டிக் காலுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைப்பதுபற்றி மட்டும் ஒரு புத்தகம் போடும் அளவுக்கு வரும்.

3. கேள்வி கேட்கும் விதம்

இதில்தான் புதியவர்கள் தோற்றுப்போகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

"என் பெட்டியில் தேனீ குறைஞ்சுபோச்சு, ஏன்?" இந்தக் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. ஊகிக்கத்தான் முடியும். ஊகங்கள் மோதும்போது குழுவில் சண்டை வருகிறது. இதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"ஊர் அருமனைப் பக்கம். நாலு பெட்டி, அடுக்குத் தேனீ. மூணு பெட்டி நல்லா இருக்கு. ஒண்ணில் மட்டும் ஆறு அடை இருந்தது, இப்போ நாலு அடையில்தான் தேனீ நிக்குது. கடைசியா திறந்தது பத்து நாள் முன்னாடி. ராணியைப் பார்க்கல, புது முட்டையும் கண்ணில் படல. பாகு கொடுக்கல. பத்து நாளா மழை. படம் மூணு போட்டிருக்கேன்."

இதைப் படித்ததும் அனுபவமுள்ள ஒருவர் முதலில் ராணி இருக்கிறதா என்றுதான் கேட்பார். மூன்று பெட்டி நன்றாக இருந்து ஒன்று மட்டும் மெலிந்தால், முட்டையும் இல்லையென்றால், பார்வை அங்கேதான் போகும். பாதிப் பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே வந்துவிட்டது.

படம் எடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. பெட்டி மூடியைப் படமெடுத்துப் பயனில்லை. அடையை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து, அறைகளின் அடிவரை வெயில் விழும்படி ஒரு படம். தேனீ நிற்கும் அடை முழுவதுமாக ஒரு படம். பெட்டி வாசலும் முன்தரையும் தெரியும்படி ஒன்று. போன் லென்ஸில் தேன் ஒட்டியிருக்கும், வேட்டி நுனியால் துடைத்துக்கொள்ளுங்கள். நான்கு நிமிடக் குரல் செய்தி வேண்டாம். வேலைக்கு நடுவில் யாரும் முழுசாகக் கேட்பதில்லை.

நல்ல கேள்விக்குக் கிடைத்த பதில் ஒன்றைச் சொல்கிறேன். 2019 மழைக்காலத்தில் என் பெட்டி ஒன்றில் புழுக்கள் அறைக்குள் நிமிர்ந்து செத்திருந்தன. படம் போட்டேன். பேச்சிப்பாறைப் பக்கத்து அக்கா ஒருவர், குழுவில் அதுவரை பத்து வார்த்தைகூடப் பேசாதவர், இப்படி எழுதினார்: "அண்ணே, ஒரு புழுவை முள்ளால மெல்லத் தூக்கிப் பாருங்க. தண்ணி நிறைஞ்ச பை மாதிரி முழுசா வந்தா அந்த வைரஸ். குழைஞ்சு ஒட்டினா வேற நோய்." எலுமிச்சை முள் ஒன்றை ஒடித்துக்கொண்டு போய்த் தூக்கிப் பார்த்தேன். முழுசாக வந்தது. தலை மட்டும் மேலே வளைந்து, முன்பக்கம் தூக்கிய வள்ளம் மாதிரி இருந்தது. பழுப்பேறிய தோலுக்குள் தண்ணீர் அசைந்தது. கையில் இருந்த அந்தப் புழுவைப் பார்த்தபோதுதான் அப்பா எதைப் பார்த்தார், எதைப் பார்த்தும் புரியாமல் இருந்தார் என்று எனக்கு விளங்கியது.

அந்த அக்கா அதற்கப்புறம் மூன்று வாரம் போனிலேயே வழிநடத்தினார். ராணியைச் சில நாள் சிறு கூண்டில் அடைத்து முட்டையிடுவதை நிறுத்தினோம். கெட்ட அடைகளை எடுத்து எரித்தோம். அந்தப் பெட்டியின் அடையையோ கருவியையோ வேறு பெட்டிக்குக் கொண்டுபோகவில்லை. மீதித் தேனீக்களுக்குப் பாகு கொடுத்தோம். அப்படியும் மூன்று பெட்டி போனது. மற்றவை தப்பின.

4. வரும் பதில்களைச் சலித்தெடுப்பது

ஒவ்வொரு பதிலுக்கும் மூன்று கேள்வி போடுங்கள். இவர் வளர்ப்பது எந்தத் தேனீ? இவர் ஊரில் இப்போது என்ன பருவம்? இவர் கையால் செய்து பார்த்ததா, எங்கோ படித்ததா? மூன்றாவதை நேரடியாகவே கேட்கலாம்: "அண்ணே, இது நீங்க செஞ்சு பார்த்ததா?" செய்தவர் கோபப்படமாட்டார், கூட இரண்டு விவரம் சேர்த்துச் சொல்வார். எந்த யோசனையானாலும் முதலில் ஒரே பெட்டியில் செய்யுங்கள்.

யாராவது ஆன்டிபயாட்டிக் மாத்திரையைப் பாகில் கரைத்துக் கொடுக்கச் சொன்னால் கேட்காதீர்கள். வைரஸ் நோய்க்கு அது வேலை செய்யாது. தேனில் மருந்து எச்சம் மட்டும் நிற்கும்.

இரட்டை அம்புக்குறியோடு, பலமுறை பகிரப்பட்டது என்று வரும் செய்திகளை நம்பாதீர்கள். சுத்தமான தேன் தீக்குச்சியில் தடவினால் எரியும், தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் நிற்கும், நாய் நக்காது, உறைந்தால் கலப்படம் என்று வருடந்தோறும் சீசனில் ஒரு சுற்று வரும். இவற்றில் எதையும் நம்பித் தேனை எடைபோட முடியாது. கெட்டியான பாகும் தண்ணீரின் அடியில் நிற்கும். நம் ரப்பர்த் தேன் சீக்கிரம் உறையக்கூடிய தேன், உறைவது அதன் இயல்பு. அந்தச் செய்தியை நம்பி, வாங்கிய தேனைத் திருப்பிக் கொண்டுவந்த வாடிக்கையாளர்கள் எனக்கு உண்டு. நாமே அதை நம் குழுவில் பரப்பினால் நம் வயிற்றில் நாமே அடித்துக்கொள்கிறோம்.

5. எரிச்சல் வரும், வரட்டும்

காலை வணக்கப் படங்கள், பிறந்தநாள் வாழ்த்துகள், அரசியல். இவற்றுக்கு மியூட் போதும்.

மனதைக் கசக்கும் எரிச்சல் வேறு. ஒன்று, கேள்வி போட்டு யாரும் பதில் சொல்லாமல் இருப்பது. உங்களை ஒதுக்குகிறார்கள் என்று நினைக்காதீர்கள். தேன் எடுக்கும் நாட்களில் ஒருவர் கையும் போனைத் தொடும் நிலையில் இருக்காது. மறுநாள் இரவு எட்டு மணிக்குமேல் இன்னொருமுறை கேளுங்கள். இன்னொன்று, மூத்தவர்களின் கடுகடுப்பு. "இதுகூடத் தெரியாம எதுக்குப் பெட்டி வாங்கினே?" என்று ஒருவர் கேட்டால் வலிக்கத்தான் செய்யும். ஒரே கேள்விக்கு ஐம்பதாவது முறை பதில் சொல்லும் சலிப்பு அது. அப்படிப் பேசுவதை நான் நியாயப்படுத்தவில்லை, அட்மின் என்ற முறையில் தனியே கூப்பிட்டுச் சொல்கிறேன். நீங்கள் பதிலுக்குப் பதில் குழுவிலேயே எழுதாமல் இருந்தால் அது அங்கேயே முடிந்துவிடும். கோபத்தில் எழுதிவிட்டீர்களா? பதினைந்து நிமிடத்துக்குள் திருத்தலாம், இரண்டு நாள்வரை எல்லோருக்கும் சேர்த்து அழிக்கலாம்.

எங்கள் குழுவின் தீராத சண்டை சர்க்கரைப்பாகு. பாகு கொடுப்பவன் கலப்படக்காரன் என்று ஒரு கட்சி, கொடுக்காதவன் கொலைகாரன் என்று இன்னொரு கட்சி. என் கருத்து இது: மழைக்காலத்தில் மேலறையை எடுத்துவிட்டு, கூட்டம் உயிர்பிழைக்கும் அளவுக்குக் கொடுப்பது வளர்ப்பவனின் கடமை. தேன் வரவு தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். இதை ஒருமுறை எழுதிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்வேன். புதியவர்கள் அந்தச் சண்டையில் ஒரு பக்கம் சேரவேண்டிய அவசியமே இல்லை.

6. பணம் என்று வந்தால்

நான் போட்ட தேன் பாட்டில் படத்தை எடுத்து, தன் தேன் என்று வேறொருவர் விற்றது எனக்கே நடந்திருக்கிறது. விற்பனைப் படம் போட்டால் பாட்டில்மேல் உங்கள் பெயர் தெரியும்படி எடுங்கள்.

பெட்டி வாங்கும்போது படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்பவே வேண்டாம். நேரில் போய்த் திறக்கச் சொல்லுங்கள். அடைகளில் தேனீ நெருக்கமாக நிற்கிறதா, புது முட்டை இருக்கிறதா, புழுக்கள் முத்துப்போல் வெள்ளையாகச் சுருண்டிருக்கின்றனவா என்று பார்த்துப் பணம் கொடுங்கள். இருட்டியபின் வாசலை அடைத்து எடுத்து வாருங்கள். புதிய கூட்டத்தைச் சில வாரமாவது உங்கள் பழைய பெட்டிகளிலிருந்து தள்ளி வையுங்கள். பணம் அனுப்பி ஏமாந்துவிட்டால் உடனே 1930-ஐக் கூப்பிடுங்கள். வெட்கப்பட்டு இரண்டு நாள் கழித்தால் பணத்தைப் பிடிப்பது கஷ்டம்.

7. என்ன ஆனது என்று சொல்லுங்கள்

பத்துப் பேர் யோசனை சொல்கிறார்கள், கேட்டவர் ஒரு கும்பிடு படம் போட்டுவிட்டுக் காணாமல் போகிறார். கூட்டம் பிழைத்ததா, ஓடியதா என்று யாருக்கும் தெரியாது. ஒரு வாரம் கழித்து, "அண்ணன் சொன்னபடி செய்தேன், தேறிவிட்டது" என்றோ "செய்தும் போய்விட்டது" என்றோ இரண்டு வரி எழுதுங்கள். தோற்றதையும் எழுதுங்கள். அடுத்த முறை தேடுகிறவருக்கு அந்த இரண்டு வரிதான் கிடைக்கும். உங்கள் விளையில் ரப்பர் துளிர்த்த நாள், முதல் மேலறை வைத்த நாள், பக்கத்தில் மருந்தடிக்கும் நாள், இவற்றையும் சொல்லுங்கள். அனுபவமே இல்லாதவரும் முதல் நாளிலிருந்து குழுவுக்குக் கொடுக்கக்கூடியவை இவை.

8. நாலு பேரைத் தாளில் எழுதி வையுங்கள்

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயலில் எங்கள் விளையில் பாதி ரப்பர் மரம் சாய்ந்தது. பெட்டிகள் மரத்துக்கடியில் நசுங்கிக் கிடந்தன. கடலுக்குப் போனவர்கள் திரும்பாத அந்த நாட்களில் பெட்டியைப் பற்றிப் பேசவே வாய் வரவில்லை. நாள்கணக்கில் கரண்ட் இல்லை, போன் செத்துவிட்டது, எல்லோருடைய எண்ணும் அதற்குள். குழுவில் இருந்த யாரையும் என்னால் கூப்பிட முடியவில்லை. இரண்டு பேர் மட்டும் பைக்கில் மரங்களைத் தாண்டி வந்து சேர்ந்தார்கள், ஏற்கெனவே ஒருமுறை என் பெட்டிகளைப் பார்க்க வந்திருந்ததால் வழி தெரிந்திருந்தது. கையோடு கொண்டுவந்த காலிப் பெட்டிகளில் ஏழு கூட்டத்தை மாற்றினோம்.

அதனால், ஆறு மாதத்துக்குள் குழுவில் உங்களுக்குப் பொருந்திவரும் நாலு பேரைத் தேர்ந்தெடுத்து, பெயரும் எண்ணும் வீட்டு வழியும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அப்புறம் குழுவே பிடிக்காமல் போனாலும் பரவாயில்லை. வெளியேறினால் அட்மின்களுக்கு மட்டுமே அறிவிப்பு வரும், யாரும் குறைசொல்லமாட்டார்கள்.

அந்த நாலு பேரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். போகும்போது உங்கள் கத்தி, கையுறை, அடை எதையும் எடுத்துப் போகாதீர்கள். நோய் அப்படித்தான் ஊர் மாறுகிறது. அவர்களிடம் இருப்பதை வாங்கிப் பயன்படுத்துங்கள். வெறுங்கையோடு போகக் கூச்சமாக இருந்தால், வழியில் ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கிக்கொள்ளுங்கள்.